ஜெசிமாவின் டிரம்ஸ்

கிட்டாரைத் தோளிலிருந்து இறக்கும் முன்பே மதிவதனி சண்டையை ஆரம்பித்துவிட்டாள்.

"ஜெசிமாவோட டிரம்ஸ் தப்பு, அக்கா."

பியூலா அவளுக்குக் கிட்டார் கற்றுக்கொடுப்பவள். ஜெசிமா, மதிவதனியோடு கல்லூரியில் சேர்ந்து வாசித்தவள். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள். அவள் வாசித்த டிரம்ஸின் பதிவு மதிவதனியின் போனில் இருந்தது. மறுநாள் நினைவுக் கூட்டத்தில் அதனோடு சேர்ந்து வாசிக்க வேண்டும்.

"எந்த இடம்?"

"பல்லவி முடிஞ்சு சரணத்துக்குப் போற இடம். நான் கரெக்டா இறங்குறேன். அவ ஒவ்வொரு தடவையும் இழுத்துட்டு வர்றா. உயிரோட இருந்தா நேர்லயே கிழிச்சிருப்பேன்."

"கிழிப்பே. வாசி, பாப்போம்."

போனையும் கிட்டாரையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசித்தாள். சரணம் வந்தது. கிட்டார் முன்னால் போய்விட்டது. டிரம்ஸ் பின்னால் வந்து விழுந்தது.

"கேட்டீங்களா? ரெண்டும் ஒரே பெட்டியிலேர்ந்து வருது. நான்தான் சொதப்புறேன்னு நினைப்பாங்க. செத்துப்போனவளை எவன் குறை சொல்லுவான்? எல்லாம் என் தலையிலதான் விழும்."

"அதுக்கு?"

"அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டிடலாம். கம்ப்யூட்டர்ல சின்ன வேலை. பண்ணட்டுமா, வேண்டாமா?"

"இதைப் பதிவு பண்ணினப்ப நீயும் கூட வாசிச்சேல்ல?"

"வாசிச்சேன். அப்ப நான் கத்துக்குட்டி. கேக்கச் சகிக்காது. அதான் என் கிட்டாரை மட்டும் அதுலேர்ந்து நீக்கிட்டேன்."

"அதையும் சேர்த்துப் போடு."

"எதுக்கு? தப்பு அவளோடதுன்னு சொல்றேன், நீங்க என்னடான்னா..."

"போடு."

முணுமுணுத்துக்கொண்டே பழைய முழுப் பதிவைப் போட்டாள்.

பல்லவி முடிந்தது. பழைய கிட்டாரில் அவள் விரல்கள் அடுத்த கார்டுக்கான கம்பிகளைத் தேடித் தடுமாறின. டிரம்ஸ் மேலே போகாமல் அங்கேயே நின்றது. ஒருவழியாகக் கார்டு விழுந்தது. டிரம்ஸும் அதோடேயே விழுந்தது, கொஞ்சமும் பிசகாமல். அடுத்த சரணத்திலும் அப்படித்தான்.

பாட்டு முடிந்த பிறகும் மதிவதனி ஆம்ப்ளிஃபயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அவ ஒரு தடவைகூட சொன்னதில்லையே, அக்கா."

பியூலா ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள்.

"இப்பத்தான் நான் சரியா வந்துடுறேனே."

"ஆமா. அது அவளுக்குத் தெரியாது."