அக்கரைக் கொடியில் காயும் துணி

சண்டை நடந்த ஊரில் எல்லாவற்றுக்கும் பஞ்சம். மேஜர் வீரபாகுவின் மீசைக்கு மட்டும் எண்ணெய்ப் பஞ்சமில்லை. ஆற்றுப் பாலத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அக்கரைக் குழந்தைகளுக்குப் பால் பவுடர் ஏற்றி வந்த நிவாரண லாரியை நாள்கணக்கில் மறித்து வைத்திருந்தார்.

"அக்கரையில குழந்தையே கிடையாது, எல்லாம் எதிரிங்க! இருக்குன்னு சொல்றவன் இங்க நின்னே காட்டட்டும். பாலத்துல கால் வைக்கக் கூடாது" என்றார்.

லாரிக்காரர்களுக்குச் சோறு பொங்க வந்த செசிலி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஐயா, உங்க பைனாகுலரை அக்கரையில தெரியுற அந்த வீட்டுப் பக்கம் திருப்புங்க. கொடியில என்ன காயுது?"

மேஜர் பார்த்தார். கைக்குட்டை அளவில், நாடா வைத்த முக்கோணத் துணிகள்.

"துணி. அதுக்கென்ன?"

"இடுப்புல கட்டுற துணிங்கய்யா. குழந்தையே இல்லைன்னா, அது உங்க எதிரிங்க கட்டுறதுதானே? இன்னும் படுக்கையை நனைக்கிற எதிரிக்கா இத்தனை துப்பாக்கி?"

காவலுக்கு நின்ற சிப்பாய்கள் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் இருமினார்கள். மேஜர் பைனாகுலரை இறக்கவேயில்லை. இறக்கினால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கையை மட்டும் ஆட்டினார். தடுப்புக் கட்டை மேலே போனது.

செசிலி லாரியில் ஏறிக்கொண்டே சொன்னாள்: "பார்த்துக்கிட்டே இருங்கய்யா. பால் போகுதில்ல, நாளைக்குத் துணி இன்னும் நிறையக் காயும்."