மரத்துக்கே தெரியாத வெட்டு

பண்ணையார் பொன்னம்பலத்துக்கு யாரையாவது குறை சொல்லாவிட்டால் சோறு இறங்காது. அவர் தோட்டத்துப் புளியமரத்தை வெட்ட வந்த சடைச்சியைத் தடுத்தார்.

"கோடரின்னா, வெட்டுறது மரத்துக்கே தெரியாத அளவு கூரா இருக்கணும். இல்லேன்னா கோடரியைப் பிடுங்கிட்டு ஊரைவிட்டே துரத்திடுவேன்!"

சடைச்சி கோடரியை நிதானமாகத் தீட்டினாள். மரத்தில் படாமல் மின்னல் வேகத்தில் ஒரு வீச்சு வீசினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வெட்டியாச்சுங்க ஐயா."

"மரம் அப்படியே நிக்குதே?"

"அதுக்கு இன்னும் தெரியலைங்க. அடியில நின்னு நீங்களே லேசாத் தள்ளிப் பாருங்க."

பண்ணையார் அண்ணாந்து பார்த்தார். மெல்லப் பின்வாங்கினார். வேலியோரம் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"சரி சரி, ஊருக்கே சத்தம் கேக்குற மாதிரி வெட்டு. நான் உள்ளே போயிடுறேன்!"