பங்குக் கிணற்றுக்கு யார் ஓம் சொல்வது?

ஒஸ்லோவில் கோப்பை கழுவுகிறவர்களும் பேப்பர் போடுகிறவர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். எல்லாரும் போருக்குத் தப்பிப்போன யாழ்ப்பாணத்து அகதிகள். தலைவி சுகிர்தாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. சொந்த ஊருக்குத் தண்ணீர் கொடுக்கப்போகிறோம் என்றால் சும்மாவா? சங்கத்துக்கு ஒரே ஒரு விதி: உரியவர் ‘ஓம்’ என்று சம்மதம் சொல்லாமல் ஒரு கல்லையும் அசைப்பதில்லை. அகதி முகாமில் சித்திரை வெயிலில், என்ன வேண்டும் என்று கேட்காமலே தங்களுக்குக் கம்பளி கொடுத்தவர்களை அவர்கள் மறந்துவிடவில்லை.

முதல் வேலை, இடிபாடும் சேறும் நிறைந்த ஒரு பங்குக் கிணற்றை அடிவரை இறைத்துச் சுத்தமாக்குவது. பாதி சுகிர்தாவுடையது. மறுபாதி செல்வராணியின் கணவருடையது. அவர் போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். இரண்டு வீட்டுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. செல்வராணி தன் முறைக்கு அந்தக் கலங்கல் தண்ணீரை இறைத்து மிளகாய்க் கன்றுக்கு விடுவாள். குடிக்க ஆகாது.

சங்கத்தார் ஊருக்கு வந்தார்கள்; வாடகைக்கு எடுத்த இறைக்கிற மிசினும் வந்து இறங்கியது. அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். ஊரே குடங்களோடு திரண்டு நின்றது. அன்று செல்வராணி வீட்டு முறை. சுகிர்தா சிரித்த முகத்தோடு போய் அவளிடம் சம்மதம் கேட்டாள்.

“அவர் வந்து சொல்லட்டும். அவற்ற பங்குக்கு நான் ஓம் எண்டால், அவர் உயிரோட இல்லையெண்டு நானே சொன்ன மாதிரி.”

சங்கச் செயலாளர் நேசராசா சுகிர்தாவைத் தனியே அழைத்தார்.

“தங்கச்சி, மிசின் பின்னேரம் திரும்பிப் போயிடும். இப்ப இறைப்பம், பிறகு மன்னிப்புக் கேப்பம்.”

“ஓம் இல்லாமல் மிசின் ஓடாது அண்ணை. நாங்களும் கம்பளிக்காரர் ஆகிறதோ?”

இறைத்தால் சங்கத்தின் வாக்குப் போச்சு. இறைக்காவிட்டால் ஊரின் தண்ணீர் போச்சு. கெட்டிக்காரர்களே, இந்த இருவரில் யார் சொன்னது சரி? வேறு வழி உண்டென்றால் அதையும் சொல்லுங்கள்.

விடை: நேசராசா அவசரக்காரர். சுகிர்தா நல்லவள், ஆனால் கேள்வியைத் தப்பாகக் கேட்டுவிட்டாள். பங்கு ஆளுக்கு உரியது. முறை வீட்டுக்கு உரியது. முறை நாளில் அந்த வீட்டார் கிணற்றை அடிவரைக்கும் இறைக்கலாம், எவரையும் கேட்க வேண்டியதில்லை. இது உறைத்ததும் சுகிர்தா கிணற்றடிக்கு ஓடினாள். “அக்கா, இண்டைக்கு உங்கட முறையெல்லோ. இறைக்கேல்லையோ?” செல்வராணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து மிசினைத் தானே முடுக்கினாள். அவள் கணவர் இருக்கிறாரா இல்லையா என்று அன்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.