குருணை போட்ட சொட்டு

ஒரு ஊர்ல ஒரு மாவு மில்லு. எந்த ஊருன்னு கேட்டா கதை அங்கேயே நின்னுடும், சொல்லிட்டேன். போர்வையை உதைக்காம படு. ம் கொட்டணும், தெரியுமில்ல?

ம்.

அந்த மில்லுல அரிசி மூட்டைக்குப் பின்னாடி அக்கா தங்கச்சி ரெண்டு சுண்டெலி. அக்கா பேரு உமி, தங்கச்சி பேரு குருணை. உமிக்கு அஞ்சு குட்டி, குருணைக்கு ஆறு. எல்லாத்தையும் ஒரே கூட்டுல போட்டு, ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பால் குடுப்பாங்க. ஒருத்தி இரை தேடப் போனா இன்னொருத்தி காவல். தெரியாத எலி உள்ள நுழைஞ்சா குட்டிங்களைக் கடிச்சுடும் இல்ல?

ம்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், மில்லுக்காரர் சாப்பிடப் போன நேரம், குருணை இரை தேடிக் கிளம்புனா. மில்லுக்காரர் பெண்டாட்டி மாவுச் சட்டையெல்லாம் ஒரு பக்கெட் சோப்புத் தண்ணியில ஊறப் போட்டிருந்தா. அந்தப் பக்கெட் விளிம்புல நடக்காதேன்னா கேக்கணும்ல? உன்னை மாதிரியேதான். வழுக்கி, தொபுக்கடீர்!

செத்துப் போச்சா?

சாகல. குறுக்க பேசாத. சட்டைக் கையைப் பிடிச்சு ஏறி, மறுபடி வழுக்கி, மறுபடி ஏறி, வெளிய வந்து விழுந்தா. உடம்பெல்லாம் ரோஜாப்பூ வாசனை. எலி வாசனை துளி இல்ல.

அப்போ ஓட்டமா ஓடி வீட்டு வாசலுக்கு வந்தா. உமி பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறா.

"யாருடி நீ?"

"நான்தான்க்கா, குருணை! புள்ளைங்களுக்குப் பசிக்கும், வழி விடு."

"குருணையா? என் தங்கச்சி இப்படி மணக்க மாட்டா. போடி!"

"சின்னப்ப உன் வாலைக் கடிச்சு வெச்சேனே, மறந்துட்டியா?"

"கதை எல்லாரும் விடுவாங்க. என் மூக்கு ஒத்துக்கல."

உள்ள குட்டிங்க கீச் கீச், கீச் கீச். ஒருத்தி பாலு பதினொண்ணுக்கு எப்படிப் பத்தும்? குருணை வாசல்லயே அங்கயும் இங்கயும் ஓடுனா.

அப்புறம் யோசிச்சா. எலிங்க போற வழியெல்லாம் சொட்டுச் சொட்டா ஒண்ணுக்குப் போகும். சிரிக்காத! அதுக்கு அதுதான் கையெழுத்து. அந்தச் சொட்டுல புரதம்னு ஒண்ணு இருக்கு, கண்ணுக்கே தெரியாத குட்டி டப்பா மாதிரி. உள்ள வாசனையைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு கொஞ்சங் கொஞ்சமா விடும். அதான் நேத்துப் போட்ட சொட்டு இன்னிக்கும் மணக்குது. எந்தெந்த டப்பா எவ்வளவுங்கிறது எலிக்கு எலி வேற. கூடப் பொறந்ததுன்னா கொஞ்சம் ஒத்துப்போகும், அவ்வளவுதான்.

ம்.

அதனால நேத்து அவ சொட்டு விட்ட சாக்கு நூலைக் கடிச்சு இழுத்துட்டு வந்து போட்டா. உமி மோந்து பாத்தா. அவ்வளவுதான், மீசை நடுங்குது.

"இது என் தங்கச்சியோடது! உன் கையில எப்படி வந்துச்சு? அவளை என்னடி பண்ணினே?"

ஐயோ, இருந்ததும் போச்சு! உமி பாய்ஞ்சு வரா, குருணை பின்னால நகர்றா. அப்பத்தான் புத்தி வந்துச்சு. பழசு வேலைக்கு ஆகாது, அக்கா கண்ணு முன்னாடியே புதுசா ஒரு சொட்டு விடணும்.

முக்கினா. வரல. பயத்துல வருமா? ஓடிப் போய் தண்ணிப் பானைக்கு அடியில கசியுறதை மடக் மடக்னு குடிச்சா. வந்து நின்னா. வரல. குட்டிங்க கத்தல் வேற கம்மியாயிட்டே போகுது, கத்தவும் தெம்பில்ல. "என் தங்கங்களா, கொஞ்சம் பொறுங்கடி"ன்னு வாசல்ல உக்காந்து அழுதா. அழுதுக்கிட்டே இருக்கும்போது...

வந்துச்சா?

சொட்!

உமி கிட்ட வந்தா. புதுச் சொட்டை மோந்தா. நூலை மோந்தா. திரும்பப் புதுசை மோந்தா. ரெண்டும் ஒண்ணு!

"அடிப்பாவி! இதை முதல்லயே போயிருக்கக் கூடாதா? என் உசுரே போச்சுடி!"

குருணை உள்ள ஓடிப் படுத்தா. ஆனா குட்டிங்களுக்கு இன்னும் கண்ணு திறக்கல, மூக்குதான் வழி காட்டணும். சோப்பு நாத்தத்துல அம்மா எங்கன்னே தெரியாம முகத்தைத் திருப்பிக்குது. அப்போ உமி என்ன பண்ணினா தெரியுமா? குருணையை மல்லாத்திப் போட்டு, வயித்தை நக்க ஆரம்பிச்சா. சளக் சளக் சளக்.

"விடுக்கா, கசக்கும்."

"வாயை மூடிட்டுப் படுடி."

பேசப் பேச உமி வாயில முட்டை முட்டையா சோப்பு நுரை. துப்புவா, திட்டுவா, நக்குவா. சோப்பெல்லாம் போய்ப் பழைய வாசனை வந்ததும் ஒரு குட்டி மூக்கைத் தூக்குச்சு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் மொத்தமும் ஏறி விழுந்து சப்பு சப்பு சப்பு.

வயிறு ரொம்புச்சு, எலி தூங்கிருச்சு, கதையும் தூங்கிருச்சு. நீ மட்டும் என்ன முழிச்சுக்கிட்டு? கண்ணை மூடு, கழுதை.