நிற்கும் பாடம்

ஓடைக்கரையில் இருந்த ஒரு நாவல் மரத்தடியில் புள்ளிமான் குட்டிகளுக்குப் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. கீழே பிள்ளைகள், மேலே வாத்தியார். வாத்தியார் ஒரு கருமுக மந்தி. மானுக்கு எதற்கு மந்தி வாத்தியார் என்று கேட்காதீர்கள். உச்சிக் கிளையில் உட்கார்ந்திருப்பவருக்குத்தானே புதருக்குள் என்ன வருகிறது என்று தெரியும்!

அவர் சொல்லிக்கொடுத்தது இரண்டே பாடம். மந்தி 'கெக் கெக் கெக்' என்று விடாமல் கத்தினால் செந்நாய்க் கூட்டம் வருகிறது, ஓடு. இது ஓடும் பாடம். மந்தி ஒரே ஒரு தடவை 'கொர்க்' என்று இருமினால் பக்கத்தில் புலி பதுங்கியிருக்கிறது, அசையாமல் நில். இது நிற்கும் பாடம். எந்தப் புதரில் புலி இருக்கிறது என்று தெரியாமல் ஓடினால் அதன் வாயிலேயே போய் விழ வேண்டியதுதான். எல்லா மானும் நின்று முறைத்தால், பார்த்துவிட்டார்களே என்று அதுவே எழுந்து போய்விடும்.

ஓடும் பாடத்தைக் குட்டிகள் விளையாட்டுப் போலக் கற்றுக்கொண்டன. அதில் முதலாவதாக வந்தவள் பொட்டு. நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்ததால் அந்தப் பெயர். அவளுடைய அப்பா கவைக்கொம்பனுக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் மகள் பெருமைதான்.

அடுத்து நிற்கும் பாடம் தொடங்க வேண்டிய நேரம். கவைக்கொம்பனுக்கு அப்போது பார்த்து ஓர் ஆசை வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஆம்பல் ஏரி என்று ஒன்று உண்டு. வருஷா வருஷம் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் எல்லாக் குடும்பமும் அங்கேதான் போகும். போய் என்ன? புல்லெல்லாம் மிதிபட்டுக் கிடக்கும். தண்ணீர் சேறாகிவிடும். படுக்க இடம் பிடிக்கவே சண்டை. இப்போதே போனால் ஏரி முழுக்க நமக்குத்தான் என்று கணக்குப் போட்டான்.

அவன் மனைவி மருதிக்கு மனசு கேட்கவில்லை. நிற்கும் பாடம் ஆரம்பிக்கப் போகிறதே, லீவிலேயே போகலாமே என்று தயங்கினாள்.

"நிக்கிறதுக்கு ஒரு பாடமா?" என்று சிரித்தான் கவைக்கொம்பன். "பிறந்த அன்னைக்கே எழுந்து நின்னவ என் பொண்ணு. சின்னப் பிள்ளைங்க, இந்த வயசுல என்னத்தப் படிச்சுக் கிழிக்கப் போறாங்க? வந்து கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்."

வாத்தியாரிடம் நேராகக் கேட்டால் விடமாட்டார் என்று அவனுக்குத் தெரியும். அதனால் ஒரு வேலை செய்தான். மகளை மரத்தடிக்குக் கூட்டிப்போய் நொண்டச் சொன்னான். பொட்டுவும் ஒரு காலைத் தூக்கித் தூக்கி நொண்டினாள். குளம்பில் முள் ஏறிவிட்டது, ஆறும்வரை வரமாட்டாள் என்று அப்பா துக்கமாகச் சொன்னான். பெற்ற தகப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தைப் பாருங்கள்!

வாத்தியார் சரி என்று தலையாட்டினார். மறுநாள் காலையில் உச்சிக் கிளையில் உட்கார்ந்திருந்தவரின் கண்ணில், மூன்று மான்கள் துள்ளிக்கொண்டு மலையேறுவது பட்டது. நொண்டிய குட்டிதான் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

பொய் சொல்லக் கூடாது, ஏரியில் அவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். புல் வயிற்றைத் தொட்டது. பொட்டு ஆம்பல் பூவைக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள். அம்மாவும் மகளும் கரையோரம் ஒருவரை ஒருவர் துரத்தி ஓடினார்கள். மருதி அப்படிச் சிரித்துக் கவைக்கொம்பன் பார்த்ததே இல்லை.

அதே நாட்களில் நாவல் மரத்தடியில் வேறொன்று நடந்தது. வாத்தியார் இருமுவார். உடனே அவருடைய தம்பி மந்திகள் புதர்களை உலுக்குவார்கள், குட்டிகளுக்குப் பக்கத்தில் காய்ந்த கிளைகளைப் போடுவார்கள். முதலில் எல்லாக் குட்டிகளும் தெறித்து ஓடின. திட்டு வாங்கின. திரும்பி வந்து நின்றன, மறுபடியும் ஓடின. கால்கள் வெடவெடவென்று ஆடின. ஒன்றின் விலாவோடு ஒன்று ஒட்டி நின்றால் கொஞ்சம் தைரியம் வருகிறது என்று தாங்களாகவே கண்டுபிடித்தன. கடைசியில் கிளை முதுகிலேயே விழுந்தாலும் அசையாமல் நின்றன.

ஏரியிலிருந்து திரும்பியதும் பொட்டு தன் தோழி தாழையிடம் பாடத்தைக் கேட்டாள். தாழை ஒன்று விடாமல் சொன்னாள். பொட்டு கெட்டிக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள். அப்பா கேட்டபோது தப்பில்லாமல் ஒப்பித்தாள்.

வாத்தியார் கவைக்கொம்பனைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க மலையேறினத நான் பார்த்தேன். அது போகட்டும். கேட்டுத் தெரிஞ்சுக்கிற பாடம் இல்ல இது, கால் பழகணும். சின்னக் குட்டிகளுக்கு மறுபடியும் நடத்தப் போறேன். பிள்ளைய அனுப்பி வைங்க" என்றார்.

பொய் பிடிபட்டதில் கவைக்கொம்பனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதுவே கோபமாக மாறியது. நேற்றுப் பிறந்த குட்டிகளோடு என் பெண் நிற்பதா, மந்தையில் என் மானம் போகவா என்று கத்திவிட்டு வந்துவிட்டான். அவள்தான் எல்லாம் ஒப்பிக்கிறாளே என்று மருதியின் வாயையும் அடைத்தான்.

ஒரு சாயங்காலம் கூட்டம் ஓடையோரம் மேய்ந்துகொண்டிருந்தது. மேலே மந்தி ஒரே ஒரு தடவை இருமியது.

எல்லா மானும் நின்றன. தாழை நின்றாள். அவள் வயதுக் குட்டிகள் எல்லாம் விலாவோடு விலா ஒட்டி நின்றன. பொட்டுவும் 'நில், நில்' என்று தனக்குத்தானே சொன்னாள். வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. கால் ஓடிவிட்டது. அதற்குத் தெரிந்தது அந்த ஒரு பாடம்தானே!

அவள் ஓடியது நாணல் புதரைப் பார்த்து. நாணல் அசைந்தது.

மருதிக்கு நிற்கும் பாடம் நன்றாகத் தெரியும். ஓடினால் என்ன ஆகும் என்றும் தெரியும். தெரிந்தேதான் ஓடினாள். மகளைத் தலையால் முட்டி ஓடைப் பக்கம் தள்ளிவிட்டாள். புலி பாய்ந்த இடத்தில் மகள் இல்லை, தாய் இருந்தாள்.

மருதி திரும்பி வரவில்லை.

கவைக்கொம்பன் முதலில் புலியைத் திட்டினான். பிறகு மந்தி தாமதமாக இருமியது என்றான். பிறகு தாழை சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றான். கூட்டம் அவனை விட்டு விலகி மேயப் போனது. தாழையின் அம்மா மட்டும் வந்து, தாயில்லாத குட்டியின் கழுத்தை நக்கிக்கொடுத்துவிட்டுப் போனாள். பழி போட ஆள் தீர்ந்த பிறகு அவன் மகளைக் கூட்டிக்கொண்டு நாவல் மரத்தடிக்குப் போனான். அங்கே தலையைக் குனிந்து நின்றான். வாத்தியார் மரத்திலிருந்து கீழே இறங்கி வந்தார். முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொட்டுவைச் சின்னக் குட்டிகளுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். அவள் மட்டும் ஒரு தலை உயரமாகத் தெரிந்தாள்.

இந்த முறை பொட்டு நிற்கக் கற்றுக்கொண்டாள். ஒரு நாள்கூட வகுப்புக்கு வராமல் இருக்கவில்லை. கிளை விழுந்தாலும் சரி, புதர் ஆடினாலும் சரி, கண்ணைக்கூட இமைக்கவில்லை. இவளைப் போல ஒருத்தி நின்று நான் பார்த்ததில்லை என்று வாத்தியாரே சொன்னார். அதைக் கேட்டுக் கவைக்கொம்பன் பெருமைப்படவில்லை.

மழை தொடங்கியபோது மறுபடியும் புலி வந்தது. மந்தி ஒரு தடவை இருமியது. கூட்டம் முழுவதும் நின்று முறைத்தது. பொட்டுவும் நின்றாள். பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்து புலி எழுந்து போய்விட்டது. மந்திகள் விளையாட ஆரம்பித்தன, மான்கள் மேயத் தொடங்கின. பொட்டு மட்டும் நாணல் புதரைப் பார்த்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

கவைக்கொம்பன் பக்கத்தில் போனான். "புலி போயிருச்சும்மா. வா, மழை பெய்யுது" என்றான்.

பொட்டு திரும்பவில்லை.

"அப்பா, அன்னைக்கு நான் இப்படி நின்னிருந்தா அம்மாவும் நின்னிருப்பாங்க, இல்ல?" என்று கேட்டாள்.

  கவைக்கொம்பன் மகளின் விலாவோடு ஒட்டி நின்றான். இருட்டும்வரை மழையில் இருவரும் அங்கேயே நின்றார்கள்.

பெற்றவர்கள் தங்கள் ஆசைக்காகப் பிள்ளையின் பாடத்தைக் கெடுத்தால், அந்தக் கஷ்டத்தைக் காலமெல்லாம் சுமப்பது அந்தப் பிள்ளைதான்.