நீண்டுகொண்டே போன கெண்டை

கேளுங்கள் குழந்தைகளே. பின்னால் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிற பெரியவர்களே, நீங்களும் கேளுங்கள். சொல்லப்போனால் இந்தக் கதை உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

ஏரிகள் எல்லாம் ததும்பி நின்ற ஒரு காலத்தில், கொன்றைவனம் என்ற நாட்டைக் கதிர்முடியன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவனுடைய தலைநகரை ஒட்டிக் கடல் போல ஓர் ஏரி. இக்கரையில் தலைநகர், அக்கரையில் மருதங்குடி. நடுவில் ஓடங்கள் காலையிலிருந்து மாலைவரை ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்வந்தன.

அந்தத் தலைநகரத்துப் பெரிய மனிதர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. தூண்டில் போடுவது. மீன் பிடிப்பது என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். வயிற்றுப்பாட்டுக்கு மீன் பிடிக்கிறவர்கள் விடியுமுன்னே வலையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெரிய மனிதர்கள் வெயில் தாழ்ந்த பிறகு வருவார்கள். ஆளுக்கொரு மூங்கில் கழி, ஆளுக்கொரு கொட்டாங்கச்சி மண்புழு, ஆளுக்கொரு வெற்றிலைப் பெட்டி. கழியைத் தோளில் வைத்துக் கிளம்பியவனை யாரும் "எங்கே போகிறீர்?" என்று கேட்கக் கூடாது, கேட்டால் மீன் கடிக்காது. கோத்த புழுவின்மேல் மூன்று முறை துப்ப வேண்டும். துப்பாவிட்டால் மீன் கடிக்காது. தக்கை மிதக்கும்போது யாரும் தும்மக் கூடாது; தும்மினால் மீன் கடிக்காது. இத்தனையும் ஒழுங்காகச் செய்த பிறகும் மீன் கடிக்காது. அது வேறு விஷயம்.

பிடித்த மீனைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. அதைத்தான் எல்லாரும் பார்த்துவிடலாமே, அதில் என்ன சுவை? தப்பிப்போன மீனைப் பற்றித்தான் பேச்செல்லாம்.

அந்தக் கூட்டத்தில் சேந்தன் என்று ஒரு செம்புப் பாத்திர வணிகன் இருந்தான். கடையில் அவனைப் போல நேர்மையானவன் கிடையாது. குடத்தைக் கண்ணால் பார்த்தே எத்தனை படி பிடிக்கும் என்று சொல்வான். அளந்து பார்த்தால் ஒரு கரண்டிகூடப் பிசகாது. ஆனால் மாலையில் கழியைத் தோளில் வைத்தானென்றால், அந்த நேர்மையைக் கடைக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வருவான்.

ஒருநாள் அவன் தூண்டிலில் ஒரு கெண்டைக் குஞ்சு மாட்டியது. ஆள்காட்டி விரல் நீளம். மேலே தூக்குவதற்குள் துள்ளிக்கொண்டு தண்ணீரில் விழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அரண்மனை மருத்துவர் மருதவாணர் எட்டிப் பார்த்து, "போய்விட்டதா? எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார்.

கேட்டவர் சும்மா கேட்டிருந்தால் கதையே இல்லை. அரை நாழிகைக்கு முன்னால்தான் அவர் தான் தப்பவிட்ட ஒரு சாண் மீனைப் பற்றி விரிவாகச் சொல்லி முடித்திருந்தார். சேந்தனின் இரண்டு கைகளும் அவனைக் கேட்காமலே எழுந்தன. விலகின. நல்ல ஒரு முழத்தில் போய் நின்றன.

"அப்படியென்றால் அதே மீன்தான்!" என்றார் மருத்துவர். "போன மாதம் என் தூண்டிலைப் பிடுங்கிக்கொண்டு போனதும் அதுதான். இப்போது நினைவு வருகிறது. ஆளுயரம்!"

மறுநாள் சேந்தன் என்ன செய்வான்? "முழம் என்று நான் சொன்னது தலையை மட்டும்" என்றான். "உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தது."

அதற்கு அடுத்த நாள் கோட்டைக் காவல் தலைவர் வீரப்பெருமாள், அந்த மீன் தன்னைக் கழியோடு ஏரி நடுவரை இழுத்துப்போனதாகச் சொன்னார். உடனே சேந்தனின் மீன் ஓட நீளம் ஆனது. ஏரியில் மீன் ஒன்றுதான். அதைத் தப்பவிட்டவர்கள்தான் ஊர் முழுக்க இருந்தார்கள்.

அதோடு நின்றதா? அரசவைப் புலவர் அந்த மீனின் மேல் ஒரு பரணி பாடிப் பட்டுச் சால்வை வாங்கினார். அதற்கு முன்பே அது தன் தூண்டிலையும் முறித்ததாக அவர் சொல்லிக்கொண்டார். மருத்துவர் மீன்கடித் தைலம் காய்ச்சி விற்றார். கடிபட்டவர் ஒருவரும் இல்லாததால், தைலம் கண்கண்ட மருந்து என்று பெயர் வாங்கியது. அரசனும் ஒருநாள் மேல்மாடத்தில் நின்று, "வால் தெரிகிறது" என்றான். அரசன் கண்ணுக்குத் தெரிந்த பிறகு மந்திரிகளுக்குத் தெரியாமல் போகுமா? அவர்களும் பார்த்தார்கள்.

கடைசியில் ஓடக்காரர்கள் பயந்துவிட்டார்கள். "எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்குங்க" என்று அவர்களின் தலைவன் சடையன் கும்பிட்டு நின்றான். அந்த மீனைப் பிடிக்கும்வரை ஏரியில் ஓடம் விடக் கூடாது என்று அரசனும் முரசறைந்துவிட்டான். ஓடங்களைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துப் போட்டார்கள்.

இங்கேதான் சேந்தன் மாட்டிக்கொண்டான். ஏன் தெரியுமா? அவனுடைய ஒரே மகள் செவ்வந்தியை அக்கரையில் மருதங்குடியில் கட்டிக் கொடுத்திருந்தான். தலைப்பிரசவம். மாதம் ஒன்பது. பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டிய நேரம். ஏரியைச் சுற்றி வர ஒரு பாதை உண்டு. கல்லும் முள்ளும் காடுமாக, வெறும் வண்டியே அச்சு முறிந்து போகும் பாதை. நிறைமாதக்காரியை அதில் கொண்டுவருவதை நினைக்கவே முடியாது.

அந்தப் பாதையில் நடந்து வந்த ஓர் ஆள் செய்தி சொன்னான். "உங்க மக தினமும் படித்துறைக்கு வந்து உக்காந்திருக்குதுங்க. 'அப்பா எப்போ வருவாங்க?'ன்னு கேட்டுவரச் சொல்லிச்சு."

அன்று சேந்தனுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் மனைவி தையல்நாயகி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, என் தலைமேல கைவச்சுச் சொல்லுங்க. அந்த மீன் நிஜமா எவ்வளவு பெரிசு?"

சேந்தன் தலைகுனிந்து ஆள்காட்டி விரலை நீட்டினான்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "போய்ச் சடையன்கிட்டச் சொல்லுங்க" என்றாள், அவ்வளவுதான்.

போனான். "சடையா, என் மீன் நீ நினைக்கிற மாதிரி பெரிதில்லை" என்று ஆரம்பித்தான். சடையன் தலையாட்டினான். "மருத்துவர் ஐயாவும் அதையேதான் சொன்னாருங்க. உங்களுது பொடிசாம். அவரோடதுதான் பெரிசாம்." சேந்தனுக்குச் சுருக்கென்றது. "அவரோடதா? என் மீனின் செதில் அளவுகூட வராது!" என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பயன்? சடையன் கவிழ்த்திருந்த ஓடத்தை இன்னும் நாலு அடி மேலே இழுத்துப் போட்டான்.

இரண்டாவது முறை, தூண்டில்காரர்கள் கூடியிருந்த கரைக்கே போனான். உண்மையை உடைத்துவிடுவது என்றுதான் போனான். அந்த நேரம் பார்த்துப் புலவர் பரணியைப் படித்துக்கொண்டிருந்தார். மீனை முதன்முதலில் தூண்டிலில் மாட்டியவர் காவல் தலைவர் என்று அதில் வந்தது. "அது என் மீன்!" என்று சேந்தன் எழுந்து நின்று கத்தினான். புலவர் பெருந்தன்மையோடு அவன் பெயரையும் இரண்டு செய்யுளில் சேர்த்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது தையல்நாயகி மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாவது முறை அவள் அவனை நம்பவில்லை. தானே கிளம்பினாள்.

பௌர்ணமிதோறும் அரசன் படித்துறைக்கு வந்து ஏரியில் பூத்தூவுவது வழக்கம். அந்தப் பௌர்ணமிக்கும் வந்தான். வழக்கமாக முழங்கால் தண்ணீரில் நிற்பவன், இந்தத் தடவை மூன்று படி மேலேயே நின்று பூவை வீசினான். தையல்நாயகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கும்பிட்டாள்.

"மகாராசா, மீனைப் பிடிக்க ஆள் கிடைக்கலைன்னு கவலைப்படுறீங்களாம். அதோட மல்லுக்கட்டின சூரருங்க இத்தனை பேரு இங்கேயே இருக்கும்போது வெளியாள் எதுக்கு? இவங்களையே முதல் ஓடத்தில ஏத்துங்க. யாரோட மீன் ரொம்பப் பெரிசோ, அவருக்குத்தானே அதோட பழக்கம் அதிகம்? அவர் கையில ஈட்டியைக் கொடுத்து முன்னால உட்கார வைங்க."

அரசனுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. "நல்ல யோசனை! இன்றே நடக்கட்டும். முன்னால் உட்கார்ந்து போய் வருகிறவருக்குக் கையில் போடத் தங்கக் கடகம்" என்றான். பிறகு தூண்டில்காரர்கள் பக்கம் திரும்பினான். "மருத்துவரே, உம்முடைய மீன் எவ்வளவு பெரியது?"

மருத்துவர் ஏரியைப் பார்த்தார். ஈட்டியைப் பார்த்தார். "அரசே, எனக்குச் சாளேசரம். தூரத்தில் இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது மங்கிப் பெரிதாகத் தெரியும். ஆளுயரம் என்றது... ஒரு முழம் இருக்கலாம். குழந்தையின் முழம்."

"புலவரே?"

"ஒரு சாண், அரசே. மீதி உயர்வு நவிற்சி அணி."

"காவல் தலைவரே? உம்மை ஏரி நடுவரை இழுத்துப்போயிற்றே?"

வீரப்பெருமாள் மீசையைத் தடவினார். "அது பாசி, அரசே. கொஞ்சம் முரட்டுப் பாசி."

கூட்டம் முழுக்க மீன்கள் மளமளவென்று சுருங்கின. ஒருவருடையது அயிரை ஆயிற்று. ஒருவருடையது தவளை ஆயிற்று. இன்னொருவர் தனக்குத் தூண்டிலே இல்லை, காற்று வாங்க வந்தவன் என்றார்.

மிஞ்சியது சேந்தன் ஒருவன்தான். அரசன் அவன் பக்கம் திரும்பினான். "முதலில் சொன்னவர் நீர். உம்முடைய மீன்?"

என்ன ஒரு தருணம், யோசித்துப் பாருங்கள்! ஏரியில் ஒன்றுமில்லை என்பது தூண்டில்காரர்களில் அவன் ஒருவனுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். ஓட நீளம் என்று சொல்ல வேண்டியதுதான். ஈட்டியோடு முன்னால் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வந்தால் தங்கக் கடகம். ஊரில் தூண்டில்காரன் என்றால் அவன் ஒருவனே தூண்டில்காரன். நேற்றுவரை தன் மீனைப் பொடிசு என்று சொன்ன மருத்துவர், அவன் முன்னால் குழந்தை முழத்தோடு நிற்பார். அவனுடைய கைகள் எழுந்தன. விலகத் தொடங்கின.

எதிரே தையல்நாயகி நின்றாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மீன் உயிரோடு இருக்கும்வரை சடையன் ஓடத்தை நிமிர்த்தமாட்டான் என்பது சேந்தனுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் கடகத்தோடு திரும்பி வருவான். மகள் அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

விலகிய கைகளை இழுத்துக் கீழே போட்டான். ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிக் காட்டினான்.

"இவ்வளவுதான் அரசே. கெண்டைக் குஞ்சு. மீதியெல்லாம் நான் வளர்த்தது."

 எங்கோ ஒரு கிழவி களுக்கென்று சிரித்தாள். அதைத் தொடர்ந்து படித்துறையே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவர்கள் மருத்துவரும் புலவரும் காவல் தலைவரும்தான்.

அரசன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படியானால் நாம் மேல்மாடத்திலிருந்து பார்த்த வால்?" என்று மெல்லக் கேட்டான்.

மந்திரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நீர்க்காக்கையாக இருந்திருக்கும், அரசே. கம்பீரமான நீர்க்காக்கை."

அரசன் தடையை நீக்கினான்; சடையன் ஓடத்தை நிமிர்த்திவிட்டான். முதல் ஆளாகச் சேந்தனே ஏறிப் போனான். அக்கரைப் படியில் துணி மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்த செவ்வந்தி, "ஏம்ப்பா இவ்ளோ நாள்?" என்று கேட்டு அழுதாள். அவனும் அழுதான். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

தாய்வீட்டுக்கு வந்த நாலாம் நாள் செவ்வந்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. கொழுகொழுவென்று, பார்த்தவர்கள் கண்பட்டுவிடும் என்று பயப்படும்படி ஒரு பிள்ளை. சேந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. கழிகூட எடுக்காமல் ஏரிக்கரைக்கு ஓடினான்.

"பேரன் பிறந்திருக்கிறான்! எவ்வளவு பெரிய பிள்ளை தெரியுமா?"

இரண்டு கைகளையும் தூக்கினான். செம்புக்குடம் அளந்த கண்ணால் அளந்து, ஒரு மயிரிழைகூடக் கூட்டாமல், உள்ளதை உள்ளபடி காட்டினான்.

தூண்டில்காரர்கள் அந்தக் கைகளைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மனத்துக்குள் கழிக்க வேண்டியதைக் கழித்தார்கள்.

"அடடா, குறைமாதமோ?" என்றார் புலவர்.

"வருந்தாதீர் சேந்தரே, தேறிவிடும்" என்று மருத்துவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். "எலிக்குஞ்சு மாதிரி பிறந்த பிள்ளைகள் எத்தனையோ தேறியிருக்கின்றன. உடம்பு ஊற லேகியம் கொடுத்தனுப்புகிறேன்."

 சேந்தன் எதைச் சொன்னால் அவர்கள் நம்புவார்கள்? கைகளை இறக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, லேகியத்தோடு வீட்டுக்கு வந்தான். தையல்நாயகி அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள். அவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வாழ்நாளிலேயே அவன் காட்டிய மிகப் பெரிய உண்மை அது.

கதை கரை ஏறிவிட்டது. அது சொல்லும் நீதி இது: இல்லாததை நீட்டிக் காட்டிப் பழகிய கை, ஒருநாள் உள்ளதையே காட்டினாலும், ஊர் பாதியைக் கழித்துவிட்டுத்தான் பார்க்கும்.