தெப்பக்குளத்துக்கு ஓர் ஒத்திகை

“கூட்டிட்டுப் போறவனுக்கு வழி தெரிஞ்சாப் போதும், கூடப் போறவனுக்கு…” என்று பெரியப்பா ஒரு கல்யாண வீட்டில் சொன்னார். பின்பாதியில் ஏதோ இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சிற்சபேசனுக்கு அந்தச் சிரிப்பு நினைவிருக்கிறது. சொல் நினைவில்லை.

அதைத்தான் அவன் முதலில் மடத்துச் சாமியிடம் சொன்னான். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான்.

பசுமலை அடிவாரத்தில் இரண்டு அறையும் ஒரு வேப்பமரமும்தான் மடம். சாமிக்கு அவனைவிட ஒரு வயது குறைவு. சிறு வயதிலேயே வலது கால் சூம்பிவிட்டது. கம்பு ஊன்றித்தான் நடப்பார். இருபத்து மூன்று வருடம் நெதர்லாந்தில் இருந்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் மதுரைக்குத் திரும்பியவன் சிற்சபேசன். அப்பா அம்மாவோடு ஒரே வீட்டில்தான் இருந்தான். பேச ஆள் வேண்டும் என்று செவ்வாய்தோறும் இங்கே வந்தான்.

“என்ன தாள் அது?”

“ஞாயித்துக்கிழமை அப்பாவையும் அம்மாவையும் வெளிய கூட்டிட்டுப் போறேன் சாமி. காந்தி மியூசியம், அப்புறம் நாயக்கர் மகால், மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் தெப்பக்குளம். எல்லாம் டவுன் பஸ்லதான். ஆட்டோன்னா அப்பா ஏற மாட்டார். காசைக் கரியாக்காதேம்பார்.”

“போன தடவையும் போனீங்களே?”

“திரும்பி வரும்போது அம்மாவுக்குத் தலை சுத்திடுச்சு. ரெண்டு நாள் எந்திரிக்கல. வெயில்தான் காரணம்னு நினைச்சேன். அதான் இந்தத் தடவை நிழல் பார்த்து, நேரம் பார்த்துப் போட்டிருக்கேன்.”

சாமி தாளைத் திருப்பினார். பின்பக்கமும் எழுதியிருந்தது.

“கலெக்டர் வந்தாக்கூட இவ்வளவு ஏற்பாடு இருக்காதே.”

சிற்சபேசன் சிரிக்கவில்லை.

“அடுத்த வாரம் அவங்க திருநெல்வேலிக்குப் போறாங்க சாமி, தங்கச்சி உமையாள் வீட்டுக்கு. ஒரேயடியா. கட்டிலையும் வண்டியில ஏத்தச் சொல்லியாச்சு. ‘உனக்கு எதுக்குப்பா சிரமம்’ங்கிறாங்க. நான் கூடத்துக்குள்ள வந்தா டிவி சத்தத்தைக் குறைக்கிறாங்க. எது கேட்டாலும் ‘உனக்கு எது சௌகரியமோ’. வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்டப் பேசுற மாதிரி. மிச்சம் இந்த ஒரு ஞாயித்துக்கிழமைதான். அது நல்லா அமைஞ்சா இருந்துடுவாங்களோன்னு ஒரு நெனப்பு. எப்படிக் கூட்டிட்டுப் போகணும்? நீங்க சொல்லுங்க.”

சாமி தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“நாளைக்கு எனக்கு வேலை ஒண்ணும் இல்லை. முதல்ல என்னைக் கூட்டிட்டுப் போங்க.”

“உங்களையா?”

“ஏன், நான் மகால் பார்க்கக் கூடாதா?”

மறுநாள் எட்டு நாற்பதுக்குப் பஸ். சிற்சபேசன் முன்னால் ஓடி ஏறி, சன்னலோரத்தில் துண்டைப் போட்டு இடம் பிடித்தான். இறங்கும்போது முதலில் இறங்கிக் கூட்டத்தை விலக்கினான். மியூசியத்தில் எந்தப் பக்கம் படி குறைவு என்று விரைந்து போய்ப் பார்த்தான். சாமி மகால் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் டிக்கெட் வாங்கிக்கொண்டு, அடுத்து எங்கே திரும்புவது என்று தாளைப் பார்த்தபடி நின்றான்.

வாசலில் கடலை விற்ற அம்மாள் சொன்னாள்: “ஏம்ப்பா, உன்கூட வந்தவரு அந்தா நிக்கிறாரு. வேற யாரு கூடவாவது போயிரப் போறாரு.”

அவன் திரும்பிப் பார்த்துக் கையசைத்தான். சாமியும் கையசைத்தார்.

“உட்காரணுமா சாமி?”

“வேண்டாம்.”

“தண்ணி?”

“தாகமில்லை.”

“ஒண்ணும் சிரமமில்லையே?”

“இல்லை.”

சாப்பாட்டுக் கடையில் மோர் வைத்தார்கள். சாமி டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் அதையும் சேர்த்துக் குடித்தான்.

தெப்பக்குளத்துச் சுவரில் போய் உட்கார்ந்தபோது, தாளில் போட்டிருந்த நேரத்துக்கு நான்கு நிமிடம் முந்தியிருந்தது. தண்ணீர் நடுவே மைய மண்டபத்தின் மேல் வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. பல நாளுக்குப் பிறகு அவனுக்கு மனது லேசாக இருந்தது.

“எப்படி சாமி இருந்துச்சு?”

“பச்சைச் சட்டை,” என்றார் சாமி. “காலருக்குக் கீழே ஒரு விரல்கடைக்குத் தையல் விட்டிருக்கு. இடது தோள் கொஞ்சம் இறக்கம். பை மாட்டி மாட்டி ஆயிருக்கும்.”

சிற்சபேசன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான்.

“அங்க தெரியாது. முதுகுப் பக்கம்.”

“மகால் தூணெல்லாம்…”

“தூணும் இருந்துச்சு. நீங்க முன்னால நின்னீங்க.” சாமி சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “ரொம்பச் சிரிக்க முடியாது. இங்க கழிப்பறை எங்க இருக்குன்னு பாருங்க. காலையிலேர்ந்து அடக்கிட்டிருக்கேன்.”

அவன் தாளை எடுத்தான். முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான். அதில் இல்லை. டீக்கடைக்காரரைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தான். ஏறிப் போக எட்டுப் படிகள். ஒவ்வொரு படியிலும் சாமி கம்பை ஊன்றி, நின்று, காலைத் தூக்கி வைத்தார். கீழே நின்ற சிற்சபேசன் எட்டையும் பார்த்தான்.

திரும்பி வந்ததும் சாமி அவன் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, ஒரே மூச்சில் முழுவதும் குடித்தார்.

“தாகமே இல்லைன்னீங்களே சாமி.”

“அன்னிக்கு உங்க அம்மா குடிச்சாங்களா?”

அன்று இரண்டு பாட்டில் கொண்டுபோயிருந்தான். இரண்டும் அப்படியே திரும்பி வந்தன. அம்மா உள்ளே தலை சுற்றிப் படுத்திருக்க, அவன்தான் அவற்றைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினான்.

குளத்தைச் சுற்றி ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அவன் காலிப் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தான்.

சாமி கேட்டார்: “நீங்க வர்றதுக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமைன்னா அவங்க ரெண்டு பேரும் எங்க போவாங்க?”

“தெரியலையே சாமி.”

“இருபத்து மூணு வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழமைகூடவா தெரியாது?”

“ஞாயித்துக்கிழமைதான் நான் போன் பண்ணுவேன்.”

“எத்தனை மணிக்கு?”

“அப்படி ஒண்ணும் கணக்கில்லை. அங்க எந்திரிச்சு, சாப்பிட்டு முடிச்சதும். இங்க மூணு ஆகும், நாலு ஆகும். சில நாள் ஏழுகூட ஆயிடும். சில வாரம் மறந்தே போயிடும். ஆனா எப்பப் பண்ணாலும் உடனே எடுத்துடுவாங்க சாமி. முதல் மணி அடிச்சு முடியிறதுக்குள்ள…”

அதோடு நிறுத்தினான்.

மண்டபத்தின் மேலிருந்த வெயில் போய்விட்டது.

“நான் இதையெல்லாம் சரி பண்ணிட்டா, போகாம இருந்துடுவாங்களா?”

“தெரியாது.”

“அப்ப நான் என்னதான் பண்றது?”

சாமி கம்பை ஊன்றி எழுந்தார்.

“உங்க பெரியப்பா சொன்னதுல பின்பாதி மறந்துபோச்சுன்னீங்க. அந்தக் கல்யாணத்துக்கு உங்க அப்பாவும்தானே வந்திருப்பார்.”

ஞாயிறு காலை எட்டு மணிக்கே இருவரும் தயாராகிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், ஆஸ்பத்திரியில் முறைக்குக் காத்திருப்பவர்களைப் போல. அப்பா சலவை வேட்டி கட்டியிருந்தார். அம்மா மடியில் கைப்பையை வைத்திருந்தாள். சிற்சபேசன் உள்ளே வந்ததும் அப்பா டிவியை அணைத்தார்.

“எத்தனை மணிக்குப்பா பஸ்?”

சிற்சபேசன் தாளை எடுக்கவில்லை.

“இன்னிக்கு நீங்க என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போங்கப்பா.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு எழுந்து அடுக்களைக்குப் போய், ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, வாயைத் துடைத்தபடி வந்தாள்.

எங்கே என்று அவன் கேட்கவில்லை. கதவைப் பூட்டி, சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அவர்களுக்குப் பின்னால் நடந்தான்.